பட்டறையில் பயின்ற பாதுஷா

ராஜகுமாரனாகப் பிறந்தவன் வாள் வீசக் கற்பான். குதிரை ஏறக் கற்பான். கொஞ்சம் கவிதை, கொஞ்சம் சாஸ்திரம் கற்பான். இது எல்லா தேசத்திலும் உள்ள வழக்கம். ஆனால் ஊதுகுழலை வாயில் வைத்து நெருப்பை ஊதி, மூசையில் பொன்னை உருக்கி, கம்பி இழுத்து, சிறு சுத்தியால் தட்டித் தட்டி நகை செய்யக் கற்ற ராஜகுமாரனைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? அவரே பின்னால் மூன்று கண்டங்களில் பரவிய ஒரு சாம்ராஜ்யத்தை 46 ஆண்டுகள் ஆண்டார் என்றால் ஆச்சரியம் இன்னும் அதிகமாகிறதல்லவா?

அவர்தான் துருக்கி சுல்தான் முதலாம் சுலைமான். ஐரோப்பியர் அவரை மகோன்னத சுலைமான் என்று அழைத்தார்கள். துருக்கியர் சட்டம் வகுத்தவர் என்ற பொருளில் கானூனி சுலைமான் என்கிறார்கள். அவர் நடத்திய யுத்தங்களையும் பிடித்த கோட்டைகளையும் சரித்திர நூல்கள் விஸ்தாரமாகச் சொல்கின்றன. பொற்கொல்லர் சுலைமானைப் பற்றி அவை ஓரிரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த ஓரிரு வரியைப் பிடித்துக்கொண்டு போனால் வேறொரு மனிதர் கண்ணுக்குத் தெரிகிறார்.

கருங்கடல் ஓரத்தில்

கருங்கடலின் தென்கரையில் ட்ரப்ஸான் என்று ஒரு துறைமுகப் பட்டினம் இருக்கிறது. ஒரு காலத்தில் கிரேக்க மன்னர்களின் தலைநகரம். 1461-ல் துருக்கியர் அதைக் கைப்பற்றினார்கள். அதன் பின்னும் அங்கே கிரேக்கக் குடிகள் தங்கள் தொழில்களை நடத்திக்கொண்டு வாழ்ந்தார்கள். தெற்கே மலைகளில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. எனவே தங்கம், வெள்ளி வேலைக்குப் பெயர்போன ஊர் அது.

அந்த ஊரில் கவர்னராக இருந்த இளவரசர் சலீமுக்கும் ஹஃப்ஸா என்னும் பெண்மணிக்கும் 1494 நவம்பரில் பிறந்த மகன்தான் சுலைமான். உதுமானிய ராஜ குடும்பத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு கைத்தொழில் கற்க வேண்டும் என்பது மரபு. சிங்காதனம் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. கிடைத்தாலும் நிலைக்கும் என்ற உறுதி இல்லை. தந்தை சலீமும் தங்கவேலை அறிந்தவரே. மகனுக்கும் அதே தொழில் வாய்த்தது.

குரு யார்? கான்ஸ்தந்தின் என்ற கிரேக்கர் என்று எவ்லியா செலெபி எழுதி வைத்திருக்கிறார். இந்த எவ்லியா, சுலைமான் மறைந்து 45 ஆண்டுகளுக்குப் பின் 1611-ல் பிறந்தவர். பத்துப் பாகங்களில் பயண நூல் எழுதியவர். கொஞ்சம் கயிறு திரிக்கிற ஆசாமி என்று பெயர் வாங்கியவர்தான். ஆனால் அவருடைய தகப்பனாரே அரண்மனைப் பொற்கொல்லர்களுக்குத் தலைவராக இருந்தவர். ஆகையால் பட்டறைக்குள் வழங்கி வந்த கதைகள் அவர் காதில் விழுந்திருக்கும் என்று நம்பலாம். ஒரு சமயம் குரு கோபத்தில் சீடனை அடிப்பதாகச் சபதம் செய்துவிட்டார், தாய் ஹஃப்ஸா வந்து மன்றாட நேர்ந்தது என்றும் ஒரு கதை சொல்கிறார். சாம்ராஜ்யத்தின் வாரிசை ஒரு தட்டார் அடிக்கக் கை ஓங்கினார் என்பது நிஜமோ கற்பனையோ, அந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்வதில் பொற்கொல்லர்களுக்கு இருந்த பெருமை மட்டும் நிஜம்.

தங்கவேலையில் வேகம் உதவாது. பொன்னை உருக்கிக் கோலாக வார்த்து, துளைகள் கொண்ட எஃகுத் தகட்டின் வழியே இழுக்க வேண்டும். பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு; அதிலிருந்து இன்னும் சிறியதற்கு. நடுநடுவே நெருப்பில் காட்டிப் பதப்படுத்தாவிட்டால் கம்பி அறுந்துவிடும். அராவும்போது விழும் துகளைக்கூடச் சிந்தவிடக் கூடாது. இதையெல்லாம் பழகிய பிள்ளைக்குப் பொறுமை கைவிரலிலேயே வந்துவிடும். சுலைமான் அதிகம் பேசாதவர், எளிதில் முகம் மாறாதவர் என்று அவரைக் கண்ட அயல்நாட்டார் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுபாவத்தில் ட்ரப்ஸான் பட்டறைக்கும் பங்கு உண்டென்பது என் ஊகம்.

தாப்ரீஸிலிருந்து வந்தவர்கள்

1512-ல் சலீம் தம் தகப்பனாரை விலக்கிவிட்டு சுல்தானானார். சகோதரர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கொன்றார். 1514-ல் பாரசீக ஷாவைத் தோற்கடித்துத் தாப்ரீஸ் நகருக்குள் நுழைந்தார். அங்கிருந்து அவர் கொண்டுவந்தவற்றுள் பொன்னும் மணியும் மட்டுமல்ல, மனிதர்களும் இருந்தார்கள்: சித்திரக்காரர்கள், பொற்கொல்லர்கள், கத்தி செய்பவர்கள், தந்தம் செதுக்குபவர்கள். 1517-ல் கெய்ரோ விழுந்தபோதும் இப்படியே. தோற்ற நாட்டின் திறமை ஜெயித்த நாட்டின் தலைநகருக்கு நடத்திச் செல்லப்பட்டது. அந்தக் குடும்பங்கள் என்ன பாடு பட்டனவோ!

1520 செப்டம்பரில் சலீம் இறந்தார். சுலைமானுக்கு அப்போது வயது 25. போட்டியிட உடன்பிறந்த ஆண்மகன் எவரும் இல்லாததால் ரத்தம் சிந்தாமல் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே பெல்கிரேடு, 1522-ல் ரோட்ஸ் தீவு, 1526-ல் மொஹாக்ஸ் போர்க்களத்தில் ஹங்கேரி மன்னர் லூயியின் படை என்று வரிசையாக விழுந்தன. 1529-ல் வியன்னாவின் வாசலை முற்றுகையிட்டார். அது மட்டும் கைக்கு எட்டவில்லை.

மொஹாக்ஸ் வெற்றி நடந்த அதே 1526-ல் அரண்மனையில் ஒரு சம்பளப் பட்டியல் தயாராயிற்று. போர்களைவிட இந்தப் பட்டியல் எனக்குச் சுவையாக இருக்கிறது. அரண்மனைக் கைவினைஞர்கள் சுமார் 600 பேர், சுமார் 40 பிரிவுகளாக அதில் பதிவாகியிருக்கிறார்கள். பொற்கொல்லர் ஒரு பிரிவு. எஃகிலும் பச்சைக்கல்லிலும் பொன் பதிப்பவர் வேறு பிரிவு. கல் வெட்டுகிறவர், வாள் செய்கிறவர், புத்தகக் கட்டடம் கட்டுகிறவர் என்று தனித்தனியே பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் தலைவர், உஸ்தாத், தொழில் பழகும் பையன். நாள் கூலி இத்தனை ஆக்சே என்று கணக்கிட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டுவாடா. யார் எந்த ஊர், யாருடைய மகன், எப்படிப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார் என்பதுகூடக் குறிக்கப்பட்டிருக்கிறது. தாப்ரீஸ்காரர், பொஸ்னியர், ஹங்கேரியர், ஜார்ஜியர், சர்க்காசியர் எல்லோரும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள்.

பெருநாள் வந்தால் இந்தத் தொழிலாளர்கள் தாங்கள் செய்ததில் சிறந்ததை சுல்தானுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவார்கள். அவர் பதிலுக்குப் பணமும் அங்கியும் அளிப்பார். அந்தக் கணக்கும் எழுதி வைக்கப்பட்டது. மற்ற மன்னர்களிடம் பளபளப்பைக் காட்டி ஏமாற்றலாம். இவரிடம் அது பலிக்குமா? பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்தே வேலையின் தரத்தைச் சொல்லக் கூடியவரல்லவா! பரிசு வாங்கப் போனவர்களுக்கு நெஞ்சு படபடத்திருக்கும்.

பொற்கொல்லர் கூட்டம் தலைநகருக்கு வெளியே காகிதானே புல்வெளியில் கூடி விழா எடுத்ததையும், அந்தத் தொழிலுக்கு சுலைமான் காட்டிய சலுகைகளையும் எவ்லியா வாய் ஓயாமல் வர்ணிக்கிறார். தகப்பனார் தொழில் அல்லவா!

தந்தப் பிடி வாள்

இந்தப் பட்டறையின் வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே ஒரு பொருளைச் சொன்னால் போதும். இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் இருக்கிறது ஒரு குட்டை வாள். யதகான் என்பது அந்த வகைக்குப் பெயர். நீளம் சுமார் 66 சென்டிமீட்டர். ஹிஜ்ரி 933 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. அது 1526 அக்டோபரில் தொடங்கும் ஆண்டு. மொஹாக்ஸ் போர் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

பிடி தந்தத்தால் ஆனது. அதில் மேகங்கள் சுருண்டு போகின்றன. அந்தச் சுருள்களுக்கு அடியில் இன்னொரு அடுக்காகக் கொடியும் மலரும் ஓடுகின்றன. ஒன்றின் மேல் ஒன்று கிடப்பதுபோல் தோன்றும் இரண்டும் ஒரே தந்தத்தில் செதுக்கியவை. தந்தத்தில் உளி ஒரு மயிரிழை பிசகினால் திருத்த வழி கிடையாது. பொன்னாக இருந்தால் திரும்ப உருக்கலாம். சிதைந்த தந்தம் சிதைந்ததுதான்.

அலகில் ஒரு யாளியும் ஒரு மாயப் பறவையும் சண்டையிடுகின்றன. யாளி என்று நமக்குப் புரிவதற்காகச் சொன்னேன். சீன தேசத்தில் தோன்றி, பாரசீகம் வழியாகத் துருக்கிக்கு வந்த டிராகன் அது. பறவையைப் பாரசீகர் சிமுர்க் என்பார்கள். இரண்டும் பொன்மயமாக மேடாக எழும்பி நிற்கின்றன. கண்களில் சிவப்புக் கல். சுற்றிலும் எஃகில் பொன் கொடிகள். எஃகில் பொன் பதிப்பது லேசான காரியமல்ல. முதலில் சிற்றுளியால் எஃகில் காடி வெட்ட வேண்டும். காடியின் அடிப்பக்கம் மேல்வாயைவிடச் சற்று அகன்றிருக்க வேண்டும். அதற்குள் பொற்கம்பியை வைத்துத் தட்டினால், மெத்தென்ற பொன் பரவிக் காடியின் உட்புறத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு பிடுங்கினாலும் வராது.

அலகில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று சுல்தான் சுலைமான். மற்றது அஹமத் தெகேலூ; செய்தவர் பெயர். அவர் பாரசீகத்துப் பக்கத்திலிருந்து வந்தவராக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். உலகத்தை நடுங்க வைத்த பாதுஷாவின் பெயர் பொறித்த அலகில் ஒரு கூலித் தொழிலாளியின் பெயரும் இடம் பெற்றது சாதாரண விஷயமா? இதே கைவரிசை தெரியும் இன்னொரு வாளை நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் 1993-ல் வாங்கி வைத்திருக்கிறது.

தந்தம் இரண்டு வழிகளில் வந்தது. ஆனைத் தந்தம் ஆப்பிரிக்காவிலிருந்து எகிப்து வழியாக. மற்றது வால்ரஸ் என்னும் வடகடல் பிராணியின் கொம்புப் பல். ருஷ்ய வியாபாரிகள் கொண்டுவந்தது. கத்திப் பிடிக்கு இந்த இரண்டாவது வகைக்கு மவுசு அதிகம்.

நான்கு அடுக்குக் கிரீடம்

சுலைமானுக்கு இப்ராஹீம் என்று ஓர் ஆப்த நண்பர். பார்கா என்ற ஊரில் கிறிஸ்தவராகப் பிறந்து, அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, இளவரசருக்கு ஊழியராகி, 1523-ல் பிரதம மந்திரியானவர். ஒரே பந்தியில் உண்பார்கள் என்ற அளவுக்கு நெருக்கம். ஆடம்பரத்தில் சுல்தானையும் மிஞ்சியவர்.

1532-ல் வெனிஸ் நகரத்துப் பொற்கொல்லர்கள் செய்த ஒரு தங்கத் தலைக்கவசம் அவர் முயற்சியால் துருக்கிக்கு வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு கிரீடங்கள். 50 வைரம், 47 சிவப்பு, 27 மரகதம், 49 முத்து, ஒரு பெரிய நீலப்பச்சைக் கல் என்று வெனிஸ்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். விலை ஒரு லட்சம் டுகாட் தங்கக் காசுக்கு மேல். போப்பாண்டவரின் கிரீடத்தில் மூன்று அடுக்கு, இதில் நான்கு! சூட்சுமம் புரிகிறதல்லவா? துருக்கி சுல்தான்களுக்குத் தலைப்பாகைதான் வழக்கம், கிரீடம் அல்ல. ஐரோப்பியர் கண்ணை உறுத்துவதற்கென்றே செய்த பொருள் அது. அந்த ஆண்டுப் படையெடுப்பில் நிஷ் நகரில் ஆஸ்திரியத் தூதர்களுக்கு அது காட்டப்பட்டது. அவர்கள் அதையே சாம்ராஜ்யத்தின் மகுடம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அது இன்று இல்லை. உருக்கப்பட்டுவிட்டது என்பதே ஆராய்ச்சியாளர் முடிவு. அந்தக் காலத்து இத்தாலியச் சித்திரங்களில் மட்டும், சுலைமானின் தலையில் அந்தக் கவசம் ஒரு கோபுரம்போல் நிற்கிறது. பொன்னுக்கு வாய்த்த விதி அதுதான். பிற்காலத்தில் யுத்தச் செலவுக்காக அரண்மனைப் பொன் வெள்ளிப் பாத்திரங்களையே நாணயசாலைக்கு அனுப்பினார்கள். எஃகும் தந்தமும் உருக்கிக் காசாக்க உதவாதவை, அதனால் பிழைத்தன.

இப்ராஹீம் பிழைக்கவில்லை. 1536 மார்ச், ரம்ஜான் மாதத்து இரவு. அரண்மனையில் சுல்தானோடு விருந்துண்டு அங்கேயே படுத்தார். காலையில் பிணமாகக் கிடந்தார். 13 ஆண்டு பிரதம மந்திரி, அதற்கு முன்பிருந்தே உயிர்த் தோழர். அவருடைய சொத்து முழுவதும் கஜானாவுக்குப் போயிற்று.

பட்டுக் கயிறு

அந்தப்புரத்தில் ஹுர்ரெம் என்ற பெண் அவர் உள்ளத்தை ஆண்டாள். ஐரோப்பியர் ரொக்ஸலானா என்று சொல்லும் அதே பெண். சுல்தான்கள் மணம் செய்துகொள்ளும் வழக்கமே அற்றுப்போயிருந்த காலத்தில் அவளை முறைப்படி மணந்தார். முஹிப்பி என்ற புனைபெயரில் அவளுக்காகக் காதல் கவிதைகள் எழுதினார். அவளுக்குப் பிறந்த மூத்த மகன் மெஹமத் 1543-ல் அம்மை கண்டு இறந்தபோது தகப்பனார் துவண்டுபோனார். அதே ஹிஜ்ரி 950-ஆம் ஆண்டில்தான் கனி என்ற கைவினைஞர் சுல்தானுக்காக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி செய்தார். தந்தத்தில் கொடியும் மலருமாகச் செதுக்கிய சட்டம். அந்த ஆண்டில் அவர் அதில் எந்த முகத்தைப் பார்த்தாரோ!

இன்னொரு மனைவி பெற்ற முஸ்தபா மூத்த வாரிசு; வீரர், படைக்குச் செல்லப்பிள்ளை. மகன் தம்மைக் கவிழ்க்கப் போகிறான் என்று சுலைமானிடம் ஓதினார்கள். சலீம் தம் தகப்பனாருக்குச் செய்தது அவருக்கு மறந்திருக்குமா? 1553 அக்டோபரில் எரேலி என்னுமிடத்தில் பாசறைக்கு மகனை அழைத்தார். தந்தையின் கூடாரத்துக்குள் நுழைந்த முஸ்தபாவை வாய்பேசாத கொலையாட்கள் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். ராஜ ரத்தம் தரையில் சிந்தக் கூடாது என்பது மரபு; எனவே கயிறுதான். யாளி பொறித்த அலகுக்கு அங்கே வேலையில்லை. சில வாரங்களில் இளைய மகன் ஜிஹாங்கீரும் அலெப்போவில் இறந்தான். அண்ணனை நினைத்து ஏங்கியே இறந்தான் என்றார்கள்.

1558-ல் ஹுர்ரெம் மறைந்தாள். மிஞ்சிய இரண்டு பிள்ளைகளும் ஒருவரோடொருவர் போரிட்டார்கள். தோற்ற பயஸீத் பாரசீகத்துக்கு ஓடினார். ஷாவுக்குப் பொன்னை அள்ளிக் கொடுத்து, 1561-ல் அங்கேயே மகனையும் நான்கு பேரப்பிள்ளைகளையும் கொல்ல வைத்தார் சுலைமான். எந்த உலோகத்தைக் கையாளச் சிறு வயதில் கற்றாரோ, அதே உலோகம்.

மண் தட்டு

பெர்டினாண்டு மன்னரின் தூதராக 1555-ல் வந்து, 1562 வரை பெரும்பாலும் துருக்கியிலேயே இருந்தவர் புஸ்பெக் என்ற பிளெமிஷ்காரர். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிய அவர் கடிதங்களில் ஒரு செய்தி இருக்கிறது. சுல்தானுக்குப் பாட்டிலும் வாத்தியத்திலும் நல்ல ஈடுபாடு. பக்தியில் பேர்பெற்ற ஒரு கிழவி வந்து, இப்படி நடந்தால் மறுமையில் தண்டனை உண்டென்று எச்சரித்தாள். உடனே வாத்தியங்கள் அத்தனையும் உடைக்கப்பட்டு நெருப்பில் போடப்பட்டன. பொன்னும் ரத்தினமும் இழைத்த அருமையான வேலைப்பாடு கொண்டவை அவை! அதோடு வெள்ளித் தட்டில் உண்பதையும் விட்டு, மண் தட்டில் உண்ணத் தொடங்கினார்.

இதைப் படித்தபோது வாத்தியங்களைவிட அவற்றை இழைத்தவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். பெருநாளில் அவற்றைக் கொண்டுவந்து வைத்து, சுல்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர்களில் சிலர் அப்போதும் சம்பளப் பட்டியலில் இருந்திருப்பார்கள். ஒரு கல்லைப் பதிக்க எத்தனை நாழிகை பிடிக்கும் என்பது தீயில் போடச் சொன்னவருக்கும் தெரியும். பிள்ளைகளைக் கொன்ற பாரமா, முதுமையின் அச்சமா, எது அவரை அப்படிச் செய்யத் தூண்டிற்று? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் பட்டறையை அவர் மூடவில்லை. தமக்கென்று வேண்டாம் என்றாரே ஒழிய, இறைவனுக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. 1550-ல் தொடங்கி 1557-ல் முடிந்த சுலைமானியே பள்ளிவாசலைக் கட்டியவர் மகா சிற்பி சினான். அவரும் இளமையில் தச்சு வேலை கற்றவர். அதன் மரக்கதவுகளில் தந்தமும் கருங்காலியும் இழைத்திருக்கிறார்கள்.

கடைசிப் பயணம்

1566-ல் சுலைமானுக்கு வயது 71. கால் மூட்டெல்லாம் வாதம். குதிரை ஏற முடியாது. வண்டியில் ஏறிக்கொண்டு பதின்மூன்றாவது படையெடுப்புக்குக் கிளம்பினார். ஹங்கேரியில் ஸிகெத்வார் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, செப்டம்பர் முதல் வாரத்தில் ஓர் இரவு கூடாரத்திலேயே உயிர் பிரிந்தது. கோட்டை விழ ஓரிரு நாள்தான் பாக்கி. மந்திரி சோகொல்லு மெஹமத் சுமார் 48 நாள் சாவை வெளியே விடவில்லை. சுல்தான் உயிரோடிருப்பதாகவே படையை நம்ப வைத்தார். மிஞ்சிய ஒரே மகன் இரண்டாம் சலீம் பெல்கிரேடுக்கு வந்து சேர்ந்த பின்தான் விஷயம் உடைந்தது. உடல் இஸ்தான்புல்லுக்கு வந்தது. சுலைமானியேயின் பின்புறத் தோட்டத்தில், ஹுர்ரெமின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

தோப்காபி அரண்மனை 1924-ல் மியூசியமாக மாறியது. இறந்த சுல்தானின் உடைகளை மூட்டை கட்டி வைப்பது உதுமானியர் வழக்கமாதலால் சுலைமானின் அங்கிகள் அங்கே இருக்கின்றன. அஹமத் தெகேலூவின் வாள் இருக்கிறது. கனியின் தந்தக் கண்ணாடி இருக்கிறது. 1526-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டியலும் பிழைத்திருக்கிறது. சுலைமான் தம் கையால் செய்ததென்று உறுதியாகச் சுட்டிக் காட்டக் கூடிய மோதிரமோ, கொக்கியோ, ஒரு முழக் கம்பியோ அங்கே இல்லை.